துணைநூற்பட்டியல்: பழைய தமிழ் நூல், அரசாணை, நேர்காணல் எல்லாம் கலந்து வந்தால் எப்படி அடுக்குவது?

தண்டையார்பேட்டை_ஆய்வு

எல்லாருக்கும் வணக்கம். வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். பெரம்பூர் பின்னி மில் தொழிலாளர்களைப் பற்றி, 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியதிலிருந்து 1921 வேலைநிறுத்தம் வரைக்கும், ஒரு கட்டுரை எழுதி ஒரு தமிழ் ஆய்விதழுக்கு அனுப்பியிருந்தேன். கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். துணைநூற்பட்டியலை மட்டும் ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கம்) ஏழாம் பதிப்பு முறைக்கு மாற்றி அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள்.

இணையத்தில் தேடினால் வருகிற உதாரணம் எல்லாம் ஆங்கில உளவியல் நூல்களுக்கு. என் கையில் இருப்பது வேறு வகை. திரு.வி.க. எழுத்துகள், அந்தக் காலப் பத்திரிகைச் செய்திகள், எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பார்த்த அரசாணைகள், ஆசிரியர் பெயரே இல்லாத ஒரு துண்டறிக்கை. அந்தத் துண்டறிக்கையில் ஆங்கில ஆண்டு கிடையாது, "துன்மதி வருஷம் ஆடி மாதம்" என்று மட்டும் அச்சாகியிருக்கிறது. அப்புறம், 1996இல் மில் மூடுகிற வரைக்கும் வேலை பார்த்தவர்கள் சிலரை வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் நேரில் சந்தித்துப் பேசிப் பதிவு செய்திருக்கிறேன். அவர்களுடைய தாத்தா காலத்துக் கதைகள் கட்டுரைக்கு முக்கியம்.

இதையெல்லாம் ஒரே பட்டியலில் எப்படி வைப்பது? பெயர்களை எப்படித் திருப்புவது? அகரவரிசை எதை வைத்து?

பெரம்பூர்_வாத்தியார்

முதல் வேலை, அந்த இதழின் சமீபத்திய இதழ் ஒன்றை எடுத்து அதில் வந்த கட்டுரைகளின் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். ஏ.பி.ஏ. என்று சொல்லிவிட்டுத் தமிழ் இதழ்கள் பலவும் தங்களுக்கென்று சில மாற்றம் வைத்திருக்கும். கையேட்டைவிட அந்தப் பக்கங்கள்தான் உங்களுக்கு நேரடி வழிகாட்டி.

இரண்டாவது, எந்தப் பதிப்பு என்பதில் கவனம். இங்கே கல்லூரிகளில் கைக்குக் கை மாறி வருகிற குறிப்புகளில் நிறைய ஆறாம் பதிப்பு. ஏழாம் பதிப்பு 2019 அக்டோபரில் வந்தது. பதிப்பகம் இருக்கிற ஊரைப் போட வேண்டாம் என்று அதில் மாற்றிவிட்டார்கள். "சென்னை: இன்ன பதிப்பகம்" என்று எழுதுகிற பழக்கம் நம் கையில் ஊறிப்போனது, ஏழாம் பதிப்பில் பதிப்பகப் பெயர் மட்டும் போதும். மூன்று ஆசிரியர் அல்லது அதற்கு மேல் என்றால் கட்டுரைக்குள் முதல் தடவையிலேயே முதல் ஆசிரியர் பெயரும் "முதலானோர்" என்பதும் போதும். ஆனால் பட்டியலில் 20 பேர் வரைக்கும் முழுப் பெயரும் கொடுக்க வேண்டும். ஆய்வுக் கட்டுரைக்குத் தருகிற நிலையான இணைய அடையாள எண், அதாவது டி.ஓ.ஐ. எண், இருந்தால் முழு இணைய முகவரியாகவே போட வேண்டும், முன்னால் வேறு சொல் தேவையில்லை.

இன்னொன்று. ஏ.பி.ஏ. பட்டியலில் கட்டுரைக்குள் நீங்கள் சுட்டியது மட்டும்தான் இருக்கலாம். படித்தேன், பயன்பட்டது, ஆனால் எங்கும் சுட்டவில்லை என்றால் அதற்கு அங்கே இடமில்லை. நம் ஆய்வேடுகளில் பின்னால் நீளமாக "பார்வை நூல்கள்" போடுகிறோமே, அது வேறு மரபு. அதனால் இரண்டு பக்கமும் ஒத்துப் பார்க்க வேண்டும்: உள்ளே இருப்பது பின்னால் இருக்கிறதா, பின்னால் இருப்பது உள்ளே இருக்கிறதா. காகிதத்தில் அச்செடுத்துப் பென்சிலால் டிக் அடித்துப் பாருங்கள். திரையில் பார்க்கும்போது கண் தாண்டிவிடும்.

என் சொந்தக் கருத்து: வரலாற்றுக்கு ஏ.பி.ஏ. அவ்வளவு பொருத்தமில்லை. ஆவணம், கடிதம், செய்தி என்று ஓடுகிற துறைக்கு அடிக்குறிப்பு வைக்கிற சிகாகோ முறைதான் வசதி. ஆனால் இதழ் கேட்டதைக் கொடுப்பதுதான் மரியாதை.

நூலகர்_பழையவண்ணை

நூலகத்தில் அட்டவணை அட்டை எழுதிய காலத்திலிருந்து இந்தப் பெயர் விஷயத்தில் பழகியவன் என்பதால் சொல்கிறேன், அம்மா.

நம் பெயரில் குடும்பப் பெயர் என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது. முன்னால் நிற்கும் எழுத்து அப்பா பெயர், அல்லது ஊரும் அப்பா பெயரும். அதனால் திருப்பும்போது இயற்பெயர் முன்னால், தலைப்பெழுத்து பின்னால்: "சாமிநாதையர், உ. வே." இதுதான் நூலக வழக்கம். உங்கள் ஆய்வில் வருகிற, சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவராக இருந்த வாடியாவையும் "வாடியா, பி. பி." என்றுதான் எழுதுவீர்கள். அவர் பார்சி, வாடியா என்பது உண்மையிலேயே குடும்பப் பெயர். காரணம் வேறு, பட்டியலில் வடிவம் ஒன்று.

சிக்கல் வருகிற இடம் இரண்டு. ஒன்று, சாதிப் பட்டம் சேர்ந்த பழைய பெயர்கள். அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் செல்வபதி செட்டியார் ஒருவர். அவர் பெயரைக் கணினி மென்பொருளில் அப்படியே தட்டினால் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு "செட்டியார், செல்வபதி" என்று திருப்பிவிடும். அப்புறம் ஒரு பட்டியலில் இருக்கிற செட்டியார்கள் எல்லாரும் ச வரிசையில் ஒன்றாகக் குவிவார்கள், பிள்ளைகள் எல்லாரும் ப வரிசையில். தேடுகிறவருக்கு ஒன்றும் கிடைக்காது. "செல்வபதி செட்டியார், ஜி." என்று இரண்டையும் சேர்த்து ஒரே பெயராக வைக்க வேண்டும்.

இரண்டாவது இடம் உங்கள் திரு.வி.க. பட்டியலில் முனைவர், பேராசிரியர், டாக்டர், திரு, திருமதி எல்லாம் எடுத்துவிட வேண்டும் என்பது விதி. விதி சரி. ஆனால் திரு.வி.க.வின் "திரு" அந்தத் திரு இல்லை. அது திருவாரூர். திருவாரூர் விருத்தாசலம் கலியாணசுந்தரனார். பட்டியலைச் சரிபார்க்கிறவர்கள் மரியாதைச் சொல் என்று நினைத்து அந்தத் திருவை வெட்டி "கலியாணசுந்தரனார், வி." என்று போட்டதை அச்சில் பார்த்திருக்கிறேன். "கலியாணசுந்தரனார், திரு. வி." என்பதுதான் சரி. அச்சுக்குப் போவதற்கு முன்னால் மெய்ப்பிலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புனைபெயரில் எழுதியவர்களைப் புனைபெயரிலேயே வையுங்கள். பாரதிதாசன் ப வரிசையில்தான் இருக்க வேண்டும்.

டோல்கேட்_தமிழ்

ஐயா, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், நான் தமிழ் இலக்கியம். உ.வே.சா. 1892இல் பதிப்பித்த சிலப்பதிகாரத்தைச் சுட்டுகிறேன். அதை இளங்கோவடிகள் பெயரில் வைப்பதா, சாமிநாதையர் பெயரில் வைப்பதா? என் நெறியாளர் ஒன்று சொல்கிறார், வாய்மொழித் தேர்வுக்கு வரப்போகிறவர் வேறு சொல்கிறார்.

நூலகர்_பழையவண்ணை

தம்பி, நீங்கள் எதைச் சுட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பாடல் வரியைச் சுட்டினால் இளங்கோவடிகள் பெயரில் வைத்து, நூல் பெயருக்கு அடுத்து "உ. வே. சாமிநாதையர், பதிப்பாசிரியர்" என்று போடுங்கள். முகவுரையையோ அரும்பதக் குறிப்பையோ சுட்டி வாதம் செய்கிறீர்கள் என்றால் அது சாமிநாதையரின் எழுத்து. அவர் பெயரில் வரவேண்டும். இரண்டையும் சுட்டினால் இரண்டு பதிவு. அதில் தவறில்லை.

எந்தப் பதிப்பு கையில் இருந்ததோ அந்த ஆண்டைப் போடுங்கள். பின்னால் வந்த மறுபதிப்பைப் பார்த்துவிட்டு 1892 என்று போட்டால் பக்க எண் ஒத்துவராது. ஏ.பி.ஏ.வில் மறுபதிப்பின் ஆண்டை முன்னால் போட்டு, பதிவின் முடிவில் அடைப்புக்குறிக்குள் முதல் வெளியீட்டு ஆண்டைச் சொல்லலாம். கட்டுரைக்குள் இரண்டு ஆண்டையும் சாய்கோடு போட்டு எழுதுவார்கள், பழையது முன்னால்.

மின்ட்_டிடிபி

தங்கசாலையில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். ஆய்வேடு தட்டச்சு, பைண்டிங் எல்லாம் வரும். மேடம் கேட்ட அகரவரிசைக்கு என் பங்கு.

கணினியில் "சார்ட்" அழுத்தினால் தமிழ் வரிசை வந்துவிடும் என்று நம்பாதீர்கள். சில மென்பொருள் எழுத்தின் யூனிகோட் எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும். அந்த எண் வரிசையில் ந முடிந்ததும் ன வரும், ர முடிந்ததும் ற வரும், ல முடிந்ததும் ள, ழ வரும். நம் அகராதி வரிசை அப்படி இல்லை. ழ, ள, ற, ன நான்கும் வ முடிந்த பிறகு. வாமனன், வானமாமலை என்று இரண்டு பெயர் இருந்தால் அகராதிப்படி வாமனன் முன்னால். எண் வரிசையில் வானமாமலை முன்னால் வந்து நிற்கும்.

புள்ளி எழுத்திலும் இதே கதை. அகராதியில் ண் வந்த பிறகுதான் ண, ணா. அதனால் கண்ணன் முன்னால், கணேசன் பின்னால். எண் வரிசையில் புள்ளி எல்லா உயிர்க்குறிக்கும் கடைசியில் இருப்பதால் கணேசன் முன்னால் வந்துவிடும். ஜ எழுத்து எண் வரிசையில் ச பக்கத்தில் இருக்கிறது. அகராதிகளில் கிரந்த எழுத்து பெரும்பாலும் கடைசியில். இதழ் எதைப் பின்பற்றுகிறது என்று பாருங்கள். 50 பதிவுக்குள் இருந்தால் கையால் அடுக்கிவிடலாம்.

கோப்பு பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றிய பிறகு ஔகாரத்தை ஒவ்வொன்றாகப் பாருங்கள். கௌ என்பதில் க முன்னால் ஒரு கொம்பும் பின்னால் ள எழுத்தும் போட்டுத் தட்டியிருப்பார்கள். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், தேடினால் கிடைக்காது, வரிசையும் மாறும்.

இன்னொரு முக்கியமான வேண்டுகோள். ஒவ்வொரு பதிவிலும் முதல் வரி ஓரத்தில் தொடங்கி அடுத்த வரிகள் அரை அங்குலம் உள்ளே போக வேண்டும் என்பது விதி. அதற்கு ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டிக் கொண்டுவருகிறார்கள். எழுத்துரு அளவு மாறினால் எல்லாம் கலைந்துவிடும். வேர்டில் பட்டியல் முழுவதையும் தேர்வு செய்து கன்ட்ரோலும் டி-யும் (T) சேர்த்து அழுத்துங்கள், அதுவே செய்துவிடும்.

எண்ணூர்_கழிமுகம்

நான் சுற்றுச்சூழல் அறிவியல். எங்கள் துறையில் கேள்வி தலைகீழ். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதே, அதைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறேன். மீனவர்கள் என்ன சொன்னார்கள் என்பது தமிழ் நாளிதழ்களில்தான் விரிவாக வந்தது. தமிழ்ச் செய்தியை ஆங்கிலப் பட்டியலில் எப்படி வைப்பது? தமிழ் எழுத்திலேயே போட்டுவிட்டால் என்ன? என் கூட எழுதுகிறவர் அதை விட்டுவிடு, ஆங்கிலச் செய்தி மட்டும் போதும் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

பெரம்பூர்_வாத்தியார்

விட்டுவிடாதீர்கள். காசிமேட்டிலோ நெட்டுக்குப்பத்திலோ ஒருவர் சொன்னது தமிழில் அச்சானது என்றால் அதுதான் மூல ஆதாரம். ஆங்கிலச் செய்தி அதன் சுருக்கமாக இருக்கும். மூலம் கையில் இருக்கும்போது சுருக்கத்தைச் சுட்டுவது ஆய்வாளருக்கு அழகில்லை.

ஏ.பி.ஏ.வில் வழி இருக்கிறது. தலைப்பை ரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்து எழுதி, அதன் பக்கத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் ஆங்கில மொழிபெயர்ப்பு. ஒலிபெயர்ப்புக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் முறையைத்தான் ஆய்வுலகம் பெரிதும் பின்பற்றுகிறது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த அகராதி அது. ள என்றால் எல் எழுத்தின் கீழே புள்ளி, ழ என்றால் எல் கீழே கோடு, ண என்றால் என் கீழே புள்ளி, ன என்றால் என் கீழே கோடு, ற என்றால் ஆர் கீழே கோடு. நெட்டெழுத்துக்கு மேலே கோடு. எதுவாக இருந்தாலும் ஒரே முறை கடைசிவரை. ஒரு பதிவில் இசட் எச், அடுத்த பதிவில் கோடு போட்ட எல் என்று ழ இரண்டு வேடம் போடக் கூடாது.

நூலகர்_பழையவண்ணை

வாத்தியார் சொன்னதில் ஒரு சின்ன மாறுபாடு எனக்கு உண்டு. ஒலிபெயர்ப்பு மட்டும் இருந்தால் தமிழ் வாசகர் அந்தத் தலைப்பை நூலகத்திலோ இணையத்திலோ தேட முடியாது. கோடும் புள்ளியும் போட்ட எழுத்தை யார் தேடல் பெட்டியில் தட்டுவார்? இதழ் அனுமதித்தால் ஒலிபெயர்ப்போடு தமிழ் எழுத்திலும் தலைப்பைப் போடுங்கள். கேட்டுப் பாருங்கள், பல பதிப்பாசிரியர்கள் மறுப்பதில்லை.

பெரம்பூர்_வாத்தியார்

ஒப்புக்கொள்கிறேன், ஐயா. இடம் கொஞ்சம் அதிகம் பிடிக்கும், அவ்வளவுதான்.

தண்டையார்பேட்டை_ஆய்வு

எல்லாருக்கும் நன்றி. திரு.வி.க. பதிவை இப்போதே சரிபார்த்தேன், "திரு." பத்திரமாக இருக்கிறது. துன்மதி வருஷத்தை என்ன செய்வது? அரசாணையும் நேர்காணலும் இன்னும் பாக்கி.

நூலகர்_பழையவண்ணை

வருஷத்தை எடுத்துக்கொள்வோம். பிரபவ முதல் அட்சய வரை 60 ஆண்டுச் சுற்று. துன்மதி அதில் 55ஆவது. 1867 ஏப்ரலில் பிரபவ தொடங்கியது, அங்கிருந்து எண்ணினால் துன்மதி 1921 ஏப்ரல் நடுவிலிருந்து 1922 ஏப்ரல் நடுவரை. ஆடி என்றால் 1921 ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை. வேலைநிறுத்தத்தின் நடுவில் அடித்த துண்டறிக்கை, அம்மா! மாதத்தையும் கட்டாயம் போடுங்கள்.

மாதத்தை நான் வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. இதே துன்மதியில் தை, மாசி என்று இருந்திருந்தால் அது 1922 ஆகிவிடும். வருஷப் பெயரை மட்டும் பார்த்து 1921 என்று போடுகிறவர்கள் அங்கேதான் இடறுவார்கள். அப்புறம், சுற்று திரும்பத் திரும்ப வரும் என்பதால் 1861, 1981 இரண்டும் துன்மதிதான். உங்கள் துண்டறிக்கையில் மில்லும் சங்கமும் பேசப்படுவதால் சந்தேகமில்லை. வேறு நூல்களில் அச்சகத்தின் பெயரையும் அணாவில் விலை போட்டிருக்கிறதா என்பதையும் பார்த்து முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

பட்டியலில் நீங்கள் கணக்கிட்டு எடுத்த ஆண்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் வையுங்கள். அந்த அடைப்பைப் பார்த்ததும் இது அச்சில் இருந்தது இல்லை, ஆய்வாளர் கண்டுபிடித்தது என்று தெரிந்துவிடும். பக்கத்தில் "துன்மதி ஆடி" என்று மூலத்தில் இருப்பதையும் எழுதுங்கள். ஆசிரியர் பெயர் இல்லாததால் தலைப்பு முன்னால் வரும், அகரவரிசையும் தலைப்பின் முதல் எழுத்துப்படி.

திருவள்ளுவர் ஆண்டு மட்டும் போட்ட நூல்களும் கையில் வரும். அதிலிருந்து 31 கழித்தால் ஆங்கில ஆண்டு: 2030 என்றால் 1999. சக ஆண்டுக்கு 78 கூட்ட வேண்டும்.

பெரம்பூர்_வாத்தியார்

அரசாணைக்கு நான் சொல்கிறேன். பழைய ஆணைகளில் எண் மட்டும் போட்டால் ஒருவராலும் அந்தத் தாளை எடுக்க முடியாது. ஒவ்வொரு துறைக்கும் தனித்தனி எண் வரிசை, ஒவ்வொரு ஆண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். ஒரே எண்ணில் ஒரே ஆண்டில் பல துறைகளில் ஆணைகள் இருக்கும். அதனால் எண், எண்ணுக்கு முன்னால் இருக்கிற வகைக் குறிப்பு, துறை, நாள் நான்கும் சேர்ந்தால்தான் முகவரி. துறையின் பெயரை அன்றைக்கு இருந்தபடியே எழுதுங்கள், இன்றைய பெயருக்கு மாற்றாதீர்கள். ஆசிரியர் இடத்தில் அரசும் துறையும், அடுத்து நாள், ஆணையின் பொருள், எண், கடைசியில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், சென்னை. பதிப்பகத்துக்கு ஊர் வேண்டாம் என்றேன். ஆவணக் காப்பகத்துக்கு ஊர் வேண்டும். படிக்கிறவர் எங்கே போய்ப் பார்ப்பது என்பது அதில்தானே இருக்கிறது.

இப்போது போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காப்பகத்தில் கட்டு கையில் இருக்கும்போதே இந்த விவரங்களைக் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள், மேற்கோளை எழுதுவதற்கு முன்னால். திருவொற்றியூரிலிருந்தும் தண்டையார்பேட்டையிலிருந்தும் மெட்ரோவில் சென்ட்ரல் வந்து மாறி எழும்பூர் போய்விடலாம், இப்போது சுலபம்தான். ஆனால் ஓர் ஆணையின் தேதியைக் குறிக்காமல் விட்டுவிட்டுப் போனால் அதே கட்டு மறுபடி கைக்கு வர வேண்டுமே. நூல் என்றால் தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் செல்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். பதிப்பு, ஆண்டு, அச்சகம் எல்லாம் பின்பக்கத்தில்தான் இருக்கும்.

கொருக்குப்பேட்டை_வாய்மொழி

நேர்காணல் பற்றிச் சொல்கிறேன், நான் சமூகவியல். இதில் முறைக்கு முறை வித்தியாசம் பெரிது.

ஏ.பி.ஏ.யில் வாசகர் தேடி எடுக்க முடியாத எதையும் பட்டியலில் வைப்பதில்லை. ஒருவர் உங்களுக்கு எழுதிய கடிதம், தொலைபேசியில் சொன்ன தகவல், இதெல்லாம் "நேர்ப்பேச்சு" என்று கட்டுரைக்குள் பெயரும் நாளும் போட்டுச் சுட்டப்படும், அதோடு சரி. ஆனால் நீங்கள் ஆய்வுக்காகவே சந்தித்துப் பதிவு செய்தவர்கள் அந்த வகையிலும் சேர மாட்டார்கள். அவர்கள் சொன்னது உங்கள் தரவு. அதைத் தரவாகவே கட்டுரையில் சொல்ல வேண்டும்: யாரைச் சந்தித்தேன், எங்கே, எப்போது, எப்படிப் பதிவு செய்தேன் என்று முறையியல் பகுதியில் எழுதி, பேச்சை மேற்கோள் குறிக்குள் கொடுத்தால் போதும். பட்டியலில் இடம் தேவையில்லை. மொழி, இலக்கியத் துறைகளில் பின்பற்றுகிற எம்.எல்.ஏ. முறையில் நேர்காணலுக்குப் பட்டியலில் இடமுண்டு, பேசியவர் பெயரில். சிகாகோவில் அடிக்குறிப்பில் போடுவார்கள், பட்டியலில் பெரும்பாலும் சேர்ப்பதில்லை.

இது எனக்கு வருத்தமான விஷயம், வெளிப்படையாகவே சொல்கிறேன். மில்லில் தறி ஓட்டியவர் சொன்னதை வைத்துத்தான் கட்டுரையே நிற்கிறது. பட்டியலைப் புரட்டினால் நூல் எழுதியவர்கள் பெயர் மட்டும் இருக்கிறது. அதனால் நான் என் கட்டுரைகளில் தனியாக ஓர் இணைப்பு வைக்கிறேன்: பேசியவர், அவர் செய்த வேலை, பகுதி, பேசிய மாதம். பெயர் போடச் சம்மதம் தந்தவருக்குப் பெயர், தராதவருக்கு மாற்றுப்பெயர், மாற்றுப்பெயர் என்ற குறிப்போடு. இதழ்கள் ஏற்றுக்கொள்கின்றன. நீங்களும் கேளுங்கள், அக்கா. சம்மதத்தை எழுத்திலோ ஒலிப்பதிவிலோ வாங்கி வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

தண்டையார்பேட்டை_ஆய்வு

ஒலிப்பதிவில் இருக்கிறது. இணைப்பு யோசனை ரொம்பப் பிடித்தது. அவர்களில் இரண்டு பேர், "என் பேரு புக்குல வருமா?" என்று ஆசையாகக் கேட்டவர்கள்.

எண்ணூர்_கழிமுகம்

இவ்வளவையும் கையால் செய்ய வேண்டுமா? துணைநூற்பட்டியல் தயாரிக்கிற ஜோட்டேரோ மென்பொருள் இலவசம்தானே.

பெரம்பூர்_வாத்தியார்

இலவசம், நல்லது, நானும் பயன்படுத்துகிறேன். ஆங்கில ஆய்விதழ்க் கட்டுரை என்றால் டி.ஓ.ஐ. எண்ணைக் கொடுத்தால் போதும், எல்லா விவரமும் வந்து உட்காரும். இதழ் முறையை மாற்றச் சொன்னால் ஒரு சொடுக்கில் மாறும். தமிழ்ப் பதிவுகளுக்கு இரண்டு விஷயம் செய்யுங்கள். பெயர்ப் பெட்டி இரண்டாகப் பிரிந்திருக்கும். குடும்பப் பெயர் பெட்டியில் இயற்பெயர், மற்றதில் தலைப்பெழுத்து. நிறுவனம், புனைபெயர், சாமியார் பெயர் என்றால் ஒற்றைப் பெட்டியாக மாற்றிக்கொள்ளலாம், பக்கத்தில் அதற்குப் பொத்தான் உண்டு. அடுத்தது, "பதிப்பாசிரியர்", "முதலானோர்" வர வேண்டிய இடத்தில் ஆங்கிலச் சொல்லும் கூட்டல் மாதிரிக் குறியும் வந்து நிற்கும். கடைசிக் கோப்பில் அவற்றைத் தேடி மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன்னால் ஒரு நகல் எடுத்து வையுங்கள். மென்பொருளோடு இருந்த தொடர்பைத் துண்டித்த நகலில்தான் கை வைக்க வேண்டும், இல்லையென்றால் புதுப்பிக்கும்போது பழையபடி ஆகிவிடும்.

மின்ட்_டிடிபி

சாய்ந்த எழுத்து பற்றியும் ஒரு வார்த்தை. நூல் பெயர், இதழ் பெயர் சாய்வாக வர வேண்டும் என்பார்கள். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு என்று தனியாக வரைந்த எழுத்து கிடையாது. கணினி நேர் எழுத்தையே பிடித்துச் சாய்க்கும். சின்ன அளவில் கொம்பும் சுழியும் ஒன்றோடொன்று ஒட்டி வாசிக்கச் சிரமம். இதழிடம் கேட்டுவிட்டுத் தடித்த எழுத்தில் போடுவதுதான் பார்வைக்கு நல்லது. சாய்வுதான் வேண்டும் என்றால் நல்ல எழுத்துருவாகத் தேர்ந்தெடுத்து ஒரு பக்கம் அச்செடுத்துப் பாருங்கள்.

டோல்கேட்_தமிழ்

பட்டியலைச் செயற்கை நுண்ணறிவு அரட்டையில் கொடுத்து ஏ.பி.ஏ.வாக மாற்றச் சொன்னால் நொடியில் தருகிறதே. எங்கள் வகுப்பில் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள்.

நூலகர்_பழையவண்ணை

தம்பி, மாற்றச் சொல்வது ஒன்று, தேடித் தரச் சொல்வது இன்னொன்று. இரண்டிலும் எச்சரிக்கை வேண்டும். தேடித் தரச் சொன்னால் இல்லாத நூலை, இருக்கிற ஆசிரியர் பெயரில், நம்பும்படியான ஆண்டோடு எழுதித் தந்துவிடும். அப்படிப்பட்ட தலைப்பைச் சீட்டில் எழுதிக்கொண்டு நூலகத்துக்கு வருகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். அலமாரி அலமாரியாகத் தேடிவிட்டு ஏமாந்து போகிறார்கள். மாற்றச் சொன்னாலும், விடுபட்ட பக்க எண்ணையோ ஆண்டையோ அதுவே நிரப்பிவிடும். நீங்கள் கொடுத்ததையும் அது தந்ததையும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்க்காமல் எடுக்காதீர்கள்.

டி.ஓ.ஐ. இருந்தால் அந்தத் தளத்தில் எண்ணைப் போட்டுத் திறந்து பாருங்கள். தமிழ் நூல் என்றால் கன்னிமாரா நூலகப் பட்டியலில் பாருங்கள். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகிற நூல்களின் படி வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் அது ஒன்று. பழைய நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தலைப்புப் பக்கத்தையே படமாகப் பார்க்கலாம். தரமணியில் ரோஜா முத்தையா நூலகமும் இருக்கிறது. ஒரு நூல் இந்த மூன்றிலும் இல்லை, நீங்களும் கையில் எடுத்துப் பார்க்கவில்லை என்றால், அதைப் பட்டியலில் வைக்காதீர்கள்.

கொருக்குப்பேட்டை_வாய்மொழி

இதோடு சேர்த்து ஒன்று. கருத்துத் திருட்டுச் சோதனை மென்பொருளில் பட்டியலால் ஒற்றுமை விழுக்காடு ஏறுகிறது என்று பதிவுகளையே குறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். 2018 பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறையிலேயே துணைநூற்பட்டியல் அந்தக் கணக்கிலிருந்து விலக்கப்பட்டிருக்கிறது. சோதிக்கிறவரிடம் அந்தத் தேர்வைப் போடச் சொல்லுங்கள். பதிவை வெட்டாதீர்கள்.

தண்டையார்பேட்டை_ஆய்வு

பட்டியலை முடித்துவிட்டேன். இதழ் ஆசிரியரிடம் பேசினேன். தமிழ் முதலில், ஆங்கிலம் அடுத்து, ஆவணங்கள் தனித் தலைப்பில், நேர்காணல் இணைப்பாக என்று ஒப்புக்கொண்டார். நூல் பெயர்கள் தடித்த எழுத்தில். அடுக்கியதைக் கையாலேயே சரிபார்த்தேன். ஜ வரிசை கடைசியில்.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். திரு.வி.க. ஆசிரியராக இருந்த நவசக்தியில் வந்த செய்தி ஒன்று, எழுதியவர் பெயர் இல்லாமல் வந்திருக்கிறது. நடையைப் பார்த்தால் அவர் எழுதியது போலவே இருக்கிறது. அவர் பெயரில் வைக்கலாமா?

நூலகர்_பழையவண்ணை

வேண்டாம், அம்மா. அச்சில் பெயர் இல்லை என்றால் செய்தித் தலைப்பை முன்னால் வைத்து, அடுத்து முழு நாள், இதழ் பெயர், பக்கம். அவர் எழுதியதாக நீங்கள் நினைப்பதைக் கட்டுரைக்குள் காரணத்தோடு எழுதுங்கள். பட்டியலில் அனுமானத்துக்கு இடமில்லை. பிற்காலத்தில் வந்த தொகுப்பு எதிலாவது அந்தச் செய்தி அவர் பெயரில் சேர்க்கப்பட்டிருந்தால் அந்தத் தொகுப்பைச் சுட்டி அவர் பெயரில் வைக்கலாம்.

தண்டையார்பேட்டை_ஆய்வு

சரி ஐயா. தொகுப்புகளைப் பார்த்துவிட்டு நாளைக்கு அனுப்பிவிடுகிறேன்.